டிரெய்லரின் கழுத்தை நீட்டிய வருஷம்

“ஆனி 11, புதன். விடிந்ததிலிருந்து சாரல். வயலில் உரம் இறக்கிவிட்டு வந்த டிரெய்லர், சந்துக்குள் ரிவர்ஸ் ஏறும்போது பக்கத்து வீட்டுச் சுவரில் இடித்தது. இடது பின்மூலை. மூன்று செங்கல் பெயர்ந்தன. யாருக்கும் அடி இல்லை. காரணம்: டிரெய்லரின் கழுத்தில் வளைவு.”

எங்கள் டிராக்டருக்கென்று நான் வைத்திருந்த நோட்டில், என் கையெழுத்தில் உள்ள பதிவு இது. சாரலுக்கும் சுவருக்கும் செங்கலுக்கும் நானே சாட்சி. கடைசி வாக்கியத்துக்கு நான் சாட்சி இல்லை. மறுநாள் பட்டறைக்காரர் சொன்னதைக் கேட்டு, முந்தின நாள் பதிவின் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால் அங்கே எழுதிவிட்டேன். அது தவறு. என் கணவர் இறந்து ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்பதை மட்டும் எங்கேயும் குறித்து வைக்கவில்லை.

நான் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புத்தகம் திரும்ப வேண்டிய தேதியை முத்திரை குத்திக் குத்தி, தேதி இல்லாத தாளைக் கண்டால் கை பேனாவைத் தேடும் வழக்கம் வந்துவிட்டது. டிராக்டர் வீட்டுக்கு வந்த அன்றே அதற்கும் ஒரு நோட்டுப் போட்டேன். என்றைக்கு ஆயில் மாற்றியது, எங்கிருந்து எங்கே என்ன பாரம், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், வானிலை. அவர் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எங்க வீட்டுல டிராக்டருக்கு ஜாதகம் எழுதுதாவ, பொருத்தம் பாக்கணும்னா வாங்க” என்பார்.

அவர் உழவுக்கு அதிகம் போனதில்லை. இழுப்பதுதான் அவர் வேலை. சூளையிலிருந்து செங்கல், வயலிலிருந்து நெல், வைக்கோல், தோப்பிலிருந்து தேங்காய், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் சாமான். ஆனி பிறந்தால் குற்றாலத்துக்குச் சீசன் கடைக்காரர்களின் பலகையும் கம்பும் தார்ப்பாயும். சீசன் முடிந்ததும் அதே பலகைகள் திரும்பவும்.

எங்கள் வீடு மேலகரத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. டிரெய்லர் நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிஞ்சும். உள்ளே வண்டியைத் திருப்ப இடமில்லை. நேராக உள்ளே போனால், வெளியே வரும்போது பின்னாலேயே போய் ரோட்டில் ஏற வேண்டும். சீசனில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே கார் ஓயாத ரோடு அது. அதனால் திரும்பி வருகிறபோதே ரிவர்ஸில் ஏற்றி, முகம் ரோட்டைப் பார்த்து நிறுத்துவது அவர் முறை.

இரண்டு சக்கர டிரெய்லரை ரிவர்ஸில் கொண்டு போவது காரைக் கொண்டு போவது போல அல்ல. டிரெய்லரின் பின்பக்கம் இடது புறம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலது புறம் ஒடிக்க வேண்டும். அது இடது பக்கம் திரும்பத் தொடங்கியதும் உடனே ஸ்டீயரிங்கை மாற்றி ஒடித்து, டிராக்டர் அதன் பின்னால் போக வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் இரண்டும் மடங்கி, டிராக்டரின் பெரிய சக்கரம் டிரெய்லரின் முன்கம்பியில் முட்டிவிடும். இடமும் வலமும் மனதுக்குள் தலைகீழாக வேண்டும்; அதுவும் யோசிக்காமல் ஆக வேண்டும். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, ஒரு கையால் செய்வார்.

என் பங்கு சிறியது. ஒரு கம்போடு டிரெய்லருக்குப் பின்னால், சந்துக்குள் பின்வாங்கி நடப்பேன். இன்ஜின் சத்தத்தில் குரல் கேட்காது. டிரெய்லரின் பின்பலகையில் இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒரு தட்டு என்றால் நில். இடது, வலது என்பதற்கு எங்களிடம் தட்டே கிடையாது. தேவைப்பட்டதில்லை.

அந்த ஆனி புதன்கிழமை நான் இரண்டு தட்டிக்கொண்டிருந்தேன். டிரெய்லர் மெல்ல இடது பக்கம் சாய்ந்து வந்தது. மாற்றி ஒடிப்பார் என்று நினைத்தேன். ஒடித்தார், ஆனால் சாய்வு கூடிக்கொண்டே போனது. நான் ஒரு தட்டுத் தட்டுவதற்குள் சுவர் சத்தம் போட்டது. அவர் இறங்கி வந்து, பெயர்ந்த செங்கலைப் பார்க்கவில்லை. டிரெய்லரின் முன்னால் குனிந்து, டிராக்டரோடு கொக்கியில் சேரும் அந்த நீளக் கம்பியைத் தடவிப் பார்த்தார். அதைத்தான் கழுத்து என்போம்.

“சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு,” என்றார்.

“நான் தட்டுனது கேக்கலியா?”

“உன்னய சொல்லல ஏட்டி. இதச் சொல்லுதேன்.”

மறுநாள் பட்டறைக்குக் கொண்டு போனார். பட்டறைக்காரர் கெட்டிக்காரர்; இந்தச் சுற்றுவட்டாரத்து டிரெய்லர்களில் பாதி அவர் கையில் வெல்டிங் ஆனவை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் குறிபார்த்து, “அண்ணாச்சி, அரை இஞ்சு வளைஞ்சு கெடக்கு. பெறகு எப்பிடி நேரா போகும்?” என்றார். அரை அங்குலம் உண்மையாகவே வளைந்திருந்தது. எத்தனையோ வருஷம் செங்கல் இழுத்த கழுத்து, வளையாமல் இருக்குமா? ஆனால் அந்த வளைவு எப்போது வந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அது பத்து வருஷமாக இருந்திருக்கலாம். சூடேற்றி நிமிர்த்தினார்கள். நான் வீட்டுக்கு வந்து “காரணம்” என்று எழுதினேன்.

ஆடியில் குற்றாலத்துக்குப் பழக்கடைப் பலகை கொண்டு போகிற நடை ஒன்று இருந்தது. அருவியில் குளித்துவிட்டு அதே வண்டியில் திரும்பலாம் என்று நானும் போனேன். ஒரு லாட்ஜுக்கு அருகே, இரண்டு கடைகளுக்கு நடுவில் டிரெய்லரை விட வேண்டும். அவருக்கு அது ஒரு வெற்றிலை மடிக்கிற நேர வேலை. அன்று மூன்று தடவை முன்னே போய்ப் பின்னே வந்தார். மூன்று தடவையும் மடங்கியது. ஈரத்துண்டோடு நின்றிருந்த கூட்டம் வேடிக்கை பார்க்கத் தொடங்கியது. சூளையில் இவரோடு ஓட்டுகிற இன்னொரு டிராக்டர்காரரும் அங்கே பாரம் இறக்கிக்கொண்டிருந்தார். இவரைவிடப் பதினைந்து வயது இளையவர், வாய்த்துடுக்கு.

“என்ன அண்ணாச்சி, டிரைலரு பொண்டாட்டி மாதிரி ஆயிட்டா? இடதுன்னா வலது போகுது.”

“மதினி இங்கன தாம்லே இருக்கா. கேட்டா தெரியும்,” என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்காவது தடவை அவர் முயலவில்லை. இறங்கி, கொக்கியின் இரும்பு ஆணியை உருவி, டிரெய்லரைத் தனியாக்கி, “நாலு பேரு வாங்கப்பா, தள்ளி உட்டுருவோம்” என்றார். கைகளால் தள்ளி உள்ளே விட்டார்கள். நான் குளித்துவிட்டு வந்ததும் திரும்பினோம். என் கூந்தல் ஈரம் காயாமல் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது. அந்த நாளின் பதிவில் “கூட்டம் அதிகம், இடம் போதவில்லை” என்று எழுதியிருக்கிறேன். கூட்டம் எப்போதும் அதிகம்தான்.

இரண்டாவது தடவை பட்டறைக்குப் போனபோது நானும் உடன் போனேன். பட்டறைக்காரர் தரையில் சாக்குக்கட்டியால் படம் போட்டுக் காட்டினார். கழுத்து குட்டையாக இருந்தால் டிரெய்லர் சட்டென்று திரும்பும், பிடிப்பது கஷ்டம். நீளமாக இருந்தால் மெதுவாகத் திரும்பும். சுதாரிக்க நேரம் கிடைக்கும். “ஒண்ணரை அடி நீட்டிருவோம் அண்ணாச்சி. பெறகு மதினியே ரிவர்ஸ் போடுவாவ.” அவர் சொன்னதில் பொய் இல்லை. நீளக் கழுத்துள்ள டிரெய்லர் ரிவர்ஸுக்கு எளிது என்பது உண்மை. எல்லா விவரமும் சரியாக இருந்தது. ஆவணி 4 அன்று நீட்டினார்கள். புதிய இரும்பில் சிவப்புப் பூச்சு அடித்தார்கள்.

கொஞ்ச நாள் நன்றாகவே போனது. ஆவணியிலும் புரட்டாசியிலும் சுவரில் இடித்ததாக ஒரு பதிவும் இல்லை. ஆனால் இப்போது அந்தப் பக்கங்களைப் பார்த்தால் வேறு விஷயங்கள் இருக்கின்றன. புரட்டாசி 2: “தட்டு மாற்றம். வலது பலகையில் தட்டினால் வலது, இடது பலகையில் தட்டினால் இடது.” அவர்தான் கேட்டார். இத்தனை வருஷம் தேவைப்படாத தட்டு அன்றைக்கு ஏன் தேவைப்பட்டது என்று நான் கேட்கவில்லை. சுவரில் பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டோம். ஐப்பசி முதல் வாரத்திலிருந்து டிரெய்லர் சந்துக்குள் வருவதே நின்றுபோனது. தெருமுனையில் கழற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, டிராக்டரை மட்டும் உள்ளே கொண்டு வருவார்.

“எதுக்கு அங்கன போட்டுட்டு வாறிய?”

“காலைல மறுபடி எடுக்கணும்லா. உள்ள கொண்டாந்து, வெளிய கொண்டு போயி... எதுக்கு அந்தப் பாடு?”

நான் அதை நம்பினேன். “நேரம் மிச்சம்” என்று எழுதியிருக்கிறேன். ஒரு புத்தகம் தவறான அடுக்கில் இருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று நூலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

மாசியில் அறுவடை. வைக்கோல் ஏற்றிக்கொண்டு வயலிலிருந்து ரோட்டில் ஏறியவர், தென்காசிப் பக்கம் திரும்ப வேண்டியவர், குற்றாலத்தைப் பார்த்துப் போய்விட்டார். வைக்கோலின் சொந்தக்காரர் போன் செய்துகொண்டே இருந்திருக்கிறார். அருவிக்குப் போகும் வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த ஆட்டோக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார். நான் போனபோது அவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். வெயில் ஏறாத காலை. “வழி தெரியும் ஏட்டி. எந்தப் பக்கம்னுதான் பிடிபடல,” என்றார். அதுவரை அவர் அப்படி ஒன்று சொன்னதேயில்லை.

திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு கட்டி. இடம் வலம் அறிவதும், தன்னைச் சுற்றி எது எங்கே இருக்கிறது என்று அறிவதும் நடக்கிற பகுதி என்று மருத்துவர் ஒரு படத்தில் விரல் வைத்துக் காட்டினார். எங்களைவிட இளையவர், பொறுமையான பெண்.

“எப்ப இருந்தும்மா இப்படி இருக்கு?”

“போன வாரத்துல இருந்து,” என்றேன். தேதியும் சொன்னேன்.

அப்படித்தான் நினைத்தேன். அன்று வீட்டுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தபோது, வைக்கோல் இறக்கின விவரத்தைப் பதிவு செய்ய நோட்டைத் திறந்தேன். பழக்கம்தான். முந்தின பக்கத்தைப் பார்த்தேன். அதற்கு முந்தின பக்கத்தை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஆனி வரை பின்னுக்குப் போனேன். எட்டு மாதம். ஒவ்வொன்றும் தேதியோடு, நேரத்தோடு, வானிலையோடு, என் கையாலேயே எழுதப்பட்டிருந்தது.

மறுநாள் நோட்டை மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசிக்கத் தொடங்கி, பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். டிரெய்லர் ரிவர்ஸ் போகும் விதத்தை என்னை விளக்கச் சொல்லி, மேஜை மேல் இருந்த இரண்டு மருந்துப் பெட்டிகளை வைத்துத் தானே செய்து பார்த்தார்.

“எனக்கு வரல,” என்றார். “இத அவரு தினமும் செஞ்சாரா?”

“தினமும்.”

“இந்தக் கழுத்த நீட்டினது, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் சரியாத்தான் இருந்ததா?”

“ஆமா.”

அவர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஆனியிலேயே வந்திருந்தால்? அவர் நேராக என்னைப் பார்த்துச் சொன்னார்: “கட்டி சின்னதா இருந்திருக்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாதும்மா.” நான் அந்தப் பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஆறுதலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை.

பங்குனியில் அறுவை சிகிச்சை. முழுவதும் எடுக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்தோம். சித்திரையில் கோயில் கொடைக்கு மேளச்சத்தம் கேட்டால் தலையை அசைப்பார். சட்டையின் கை எங்கே இருக்கிறது என்று தேடுவார். நான் அதற்குள் அவர் கையை விட்டுக் கொடுப்பேன். பேச்சு மட்டும் வெகுநாள் அவரிடம் இருந்தது.

பட்டறைக்காரர் ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டிலுக்கு அருகே வெகுநேரம் நின்றுவிட்டு, வெளியே வந்து, “நான் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிருக்கணும் மதினி. இரும்பப் பாத்தேன், ஆளப் பாக்கல,” என்றார். உங்கள் மேல் தவறில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் எனக்கும் யாராவது அதைச் சொல்ல வேண்டியிருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

ஆடி மாதம் ஒரு பிற்பகல். சாரல் ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் திடீரென்று, “அந்த ஜாதகத்தக் கொண்டா,” என்றார். கொண்டு வந்தேன்.

“செவுத்துல இடிச்சது போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.”

“வாசி.”

வாசித்தேன். காரணம் என்பது வரை வந்து நிறுத்தினேன். அவர் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் அதையும் வாசித்தேன்.

“டிரைலர்ல ஒண்ணும் இல்ல ஏட்டி,” என்றார். “அது நல்ல டிரைலரு.”

“அது இப்பத் தெரியுது.”

“அப்பவும் ஒண்ணும் இல்ல.”

“பெறகு எதுக்கு பட்டறைக்குக் கொண்டு போனிய?”

அவர் ஓட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என்னைப் பார்ப்பதாக நினைத்து ஓட்டைப் பார்த்தாரா, பதில் சொல்ல விரும்பாமல் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. “சாரல் நல்லாக் கெடக்கு. குத்தாலத்துல கூட்டமா இருக்கும்,” என்றார். மறுபடி நான் அதைக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரியான நாள் பிறகு வரவும் இல்லை. ஐப்பசி 19, வெள்ளி, காலை ஏழு இருபதுக்கு அவர் இறந்தார்.

டிராக்டரை நான் முதலில் கொடுக்கவில்லை. ஓட்ட ஆளில்லாமல் ஒரு வருஷம் நின்றது. வருஷத் திதி கழிந்த பிறகு, குற்றாலத்தில் கேலி பேசிய அதே டிராக்டர்காரர் அதையும் டிரெய்லரையும் எடுத்துக்கொள்ள வந்தார். தெருமுனையில் டிரெய்லரின் டயருக்குக் காற்றடித்து, கொக்கியில் மாட்டிவிட்டு, உடனே புறப்படாமல் நின்றார். நீட்டிய பகுதியின் சிவப்புப் பூச்சு இன்னும் தனியாகத் தெரிந்தது.

“மதினி, ஒண்ணு சொல்லணும்னு கொள்ளநாளா நெனச்சேன்,” என்றார். “சூளையில அண்ணாச்சி என்னயக் கூப்பிட்டு ரிவர்ஸ் போடச் சொல்லுவாவ. ‘ஏலே, தோள் வலிக்கி, கொஞ்சம் ஒதுக்கி உடு’ன்னு. நானும் தோள்வலின்னுதான் நெனச்சேன். ‘வீட்டுல சொல்லாதலே, மருந்து தேய்க்கேன்னு உயிர எடுப்பா’ன்னு சொன்னாவ.”

“செவுத்துல இடிச்சதுக்கு அப்புறமா?”

“இல்ல, அதுக்கு முன்ன. குத்தாலத்துல நான் கேலி பண்ணுனப்ப அது ஞாவகத்துல இருந்திருந்தா வாயத் திறந்திருக்க மாட்டேன்.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எப்பம்னு சொல்லுங்க. நாளு தெரியணும்.”

“கொடை கழிஞ்ச மறுவாரம் மதினி. பந்தக்கம்பு இறக்கிட்டு நேரா சூளைக்கு வந்தோம், அதான் தெரியும்.”

“எந்த வருசத்துக் கொடை?”

அவர் யோசித்தார். விரலை மடக்கினார். தன் மகளுக்கு மொட்டை போட்டது எந்த வருஷம் என்று வீட்டுக்குப் போன் செய்து கேட்டார், அதிலிருந்தும் பிடிபடவில்லை. “இடிச்ச வருசமா, அதுக்கு முந்துன வருசமான்னு வரல மதினி. சத்தியமா வரல.”

அவர் போன பிறகு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். சுவரில் இடித்த வருஷத்துக் கொடை என்றால் அது இரண்டு மாதத்துக்கு முந்தியது. அதற்கு முந்தின வருஷம் என்றால் பதினான்கு மாதம். இரண்டு சித்திரையிலும் கொடை கழிந்த வாரத்தில் சூளை நடை உண்டு. பாரமும் நேரமும் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் தோள்வலி என்ற சொல் இல்லை. சூளைக்குப் போய்க் கேட்டேன். அந்த வருஷங்களின் சீட்டுகளை அவர்கள் வைத்திருக்கவில்லை. அவரோடு வேலை பார்த்த இன்னும் இருவரிடம் கேட்டேன். ஒருவருக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை, மற்றவர் ஊரில் இல்லை.

தன்னால் டிரெய்லரைப் பின்னுக்கு ஏற்ற முடியவில்லை என்பது என் கணவருக்கு எந்தத் தேதியில் தெரிந்தது என்பது, இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.